நடுக்கோட்டைக் கடக்காத நரம்பிழைகள்: கத்தி வைக்கும் முன் நிறுத்தப்பட்ட ஓர் அறுவை சிகிச்சை

முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளின்போது நரம்புச் சமிக்ஞைகளைக் கண்காணிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அப்படி ஒரு நாள் எங்கள் திரையில் தெரிந்தது எங்களைத் தடுத்து நிறுத்தியது. அதன் காரணம் அந்தக் குழந்தை தாய் வயிற்றில் இருந்தபோதே ஏற்பட்டது. பெற்றோரின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

சிறுமிக்கு அப்போது 12 வயது. அப்பா சரக்கு வேன் ஓட்டுபவர். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அம்மா மணந்தது தன் சொந்தத் தாய்மாமனை. அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம்தான். சிறுமிக்கு ஒரு தம்பி. அவனுக்கு எந்தக் குறையும் இல்லை.

நான்கு வயதில் குளிப்பாட்டும்போது ஒரு தோள்பட்டை மட்டும் புடைத்திருப்பதைப் பாட்டி கவனித்தார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கியிருந்தது. ஏழு வயதில் தாடைவரை எட்டும் கழுத்துப் பிடிப்புள்ள ஒரு பட்டையை அணியச் சொன்னார்கள். சிறுமி அதைக் கழற்றி எறிந்துகொண்டே இருந்தாள். பள்ளிக்கு அனுப்பும்போது மாட்டிவிடுவார்கள். மாலையில் அது புத்தகப் பைக்குள் கிடக்கும். பிடிவாதக்காரி என்று அடிகூட வாங்கியிருக்கிறாள். பட்டை வளைவைத் தடுக்கவில்லை. எங்களிடம் வந்தபோது வளைவின் கோணம் 76 பாகை. மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

படிப்பில் கெட்டிக்காரி, கையெழுத்து அழகு, கை கால் வலுவில் குறையில்லை. முதுகின் எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடம் ஒழுங்காக இருந்தது. உலோகத் தண்டுகளையும் திருகுகளையும் பொருத்தி வளைவை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டது.

அறுவை அரங்கில்

வளைந்த முதுகை நிமிர்த்தும்போது உள்ளே இருக்கும் தண்டுவடம் இழுபடலாம், அதன் இரத்த ஓட்டம் குறையலாம். நோயாளி மயக்கத்தில் இருப்பதால் கால் செயலிழப்பது உடனே தெரியாது. அதற்காகத்தான் கண்காணிப்பு. தலைத்தோலில் பதித்த மின்முனைகள் வழியாக மூளையைத் தூண்டினால் கை கால் தசைகளில் பதில் வர வேண்டும். மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளையின் மேற்பரப்பில் பதில் வர வேண்டும். ஒன்று மேலிருந்து கீழே போகும் பாதைக்கான சோதனை, மற்றது கீழிருந்து மேலே வரும் பாதைக்கானது. இரண்டிலும் இடப்பக்க மூளைக்கு உரியது வலப்பக்க உடல்.

மயக்கம் கொடுத்த பின், கத்தி வைக்கும் முன், தொடக்க அளவைகளை எடுத்தோம். இடப்பக்க மூளையைத் தூண்டியபோது இடக்கையும் இடக்காலும் துடித்தன. வலப்பக்கம் அசையவில்லை. முனைகளை மாற்றித் தூண்டினோம், வலக்கை, வலக்கால். கம்பிகள் இடம் வலமாக மாறிவிட்டன என்றே தொழில்நுட்பவியலாளர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது நடக்கக்கூடிய தவறு. தூண்டலைக் கூட்டினால் இரு பக்கமும் சேர்ந்து துடித்துக் குழப்பும் என்பதால், குறைத்தே மறுபடியும் பார்த்தோம். விடை மாறவில்லை.

பிறகு இடது மணிக்கட்டைத் தூண்டினோம். பதில் இடப்பக்க மூளையிலேயே பதிவானது. தூண்டும் முனைகளும் பதிவு செய்யும் முனைகளும் தனித்தனியானவை. இரண்டு தொகுதியும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக மாறியிருக்க வேண்டும் என்றால் நம்பக் கடினமாக இருந்தது. ஒவ்வொரு கம்பியையும் தலையிலிருந்து பெட்டிவரை கையால் தடவிச் சரிபார்த்தோம். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

நிறுத்துவது என்ற முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. திரையில் இடம் வலம் என்ற பெயர்களை மாற்றி எழுதிக்கொண்டு தொடரலாம். பதில்கள் தெளிவாகவும் வலுவாகவும் வந்துகொண்டிருந்தன. பெயர்ப் பலகை மட்டும்தான் தவறு என்று சொல்லிவிடலாம். நான் அந்த வழியை ஏற்கவில்லை. தண்டுவடத்துக்கு மேலே மூளைத்தண்டில் ஏதோ நாங்கள் அறியாத அமைப்பு இருக்கிறது என்பது உறுதி. அது என்னவென்று தெரியாமல் முதுகை நிமிர்த்தினால், நடுவில் ஒரு சமிக்ஞை குறையும்போது அதன் பொருளை எப்படிப் படிப்பது? அறுவை மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். மயக்க மருத்துவர் முதலில் பேசினார்: இது அவசர அறுவை இல்லையே என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் எல்லோருக்கும் உதவியது. சிறுமியை மயக்கத்திலிருந்து எழுப்பினோம்.

வெளியே அம்மா காத்திருந்தார். கத்தி வைக்கவே இல்லை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எங்களுக்கு ஒன்று புரியவில்லை என்று சொன்னோம். புரியவில்லை என்பதை அப்படியே சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் காலை

படுக்கையருகே போய் நின்றேன். சிறுமி என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள், முழுத் தலையையும். அப்போதுதான் பொறி தட்டியது. தலையை அசைக்காமல் என் விரலை மட்டும் கண்ணால் பின்தொடரச் சொன்னேன். விரல் வலப்பக்கம் போனது, கண்கள் நடுவிலேயே நின்றன. இடப்பக்கமும் அப்படியே. மேலும் கீழும் கண்கள் தாராளமாக ஓடின. விரலை மூக்கருகே கொண்டு வந்தபோது இரண்டு கண்களும் உள்நோக்கிச் சேர்ந்தன.

இந்தக் கடைசிச் செய்கைதான் நோயைச் சொன்னது. கண்ணை உள்நோக்கி இழுக்கும் தசையும் அதற்கான நரம்பும் நன்றாக வேலை செய்கின்றன. பக்கவாட்டில் பார்க்கச் சொல்லும்போது மட்டும் அதே தசை அசைவதில்லை. ஆகவே பழுது தசையில் இல்லை, மூளைத்தண்டின் இணைப்பில் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். “பிறந்ததிலிருந்தே அப்படித்தான் டாக்டர். தொட்டிலிலேயே தலையைத் திருப்பித்தான் பார்ப்பாள்” என்றார். யாரிடமும் காட்டவில்லையா? காட்டியிருக்கிறார்கள். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் இரண்டு கண்ணுக்கும் பார்வை முழு அளவில் இருந்தது. எழுத்துப் பலகை நேர் எதிரே இருக்கும், பக்கத்தில் பார்க்கச் சொல்ல மாட்டார்கள். தேர்வறையில் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்க்கிறாள் என்று ஆசிரியர் ஒருவர் இரண்டு முறை இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறார். கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்ததற்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. அந்தக் குழந்தைக்குக் கழுத்துதான் பக்கவாட்டுப் பார்வை. அதைப் பூட்டிவிட்டால் சாலையில் வரும் வண்டிகூடத் தெரியாது. ஐந்து வருடமாக அதைச் சொல்லத் தெரியாமல் திட்டு வாங்கியிருக்கிறாள்.

பிறவியிலேயே பக்கவாட்டுப் பார்வை அசைவு இல்லாமை, சிறு வயதிலேயே தொடங்கி வளரும் முதுகு வளைவு. இவை இரண்டும் சேர்ந்தால் அது தனிப் பெயருள்ள ஓர் அரிய மரபணு நோய். மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் பின்புறம் நடுவில் கீறிவிட்டதுபோல ஒரு பிளவு; அதற்குக் கீழே தண்டுவடத்தோடு சேரும் முகுளம் குறுக்குவெட்டில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருந்தது. இழைப் பாதைகளை வரைந்து காட்டும் சிறப்புப் படத்தில், பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க இழைகள் எங்கும் குறுக்கே போகாமல் அதே பக்கமாக நேரே கீழிறங்கின.

பழைய முதுகுப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் விளிம்பில் முகுளம் விழுந்திருந்தது, அதன் வடிவக் கோளாறும் தெரிந்தது. தண்டுவடத்தை மட்டும் தேடிய எங்கள் கண் அங்கே போகவில்லை.

கருவில் நடக்க வேண்டியிருந்தது

இந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று புரிய, ஒரு நரம்புச் செல் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்வியில் நான் மிகவும் நேசித்த பகுதி இது என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

கருவில் உருவாகும் நரம்புச் செல் இருந்த இடத்திலிருந்தே ஒரு நீண்ட இழையை வளர்த்து அனுப்புகிறது. அது தன் இலக்கை அடைய வெகுதூரம் போக வேண்டும். இழையின் முனையில் விரிந்த கைபோன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. வளர்நுனி என்று சொல்லலாம். ஸ்பெயின் நாட்டு சாண்டியாகோ ரமோன் இ கஹால் 1890-இல் கோழிக் கருவின் தண்டுவடத்தில் இதை முதன்முதலாகக் கண்டு விவரித்தார். அவர் பார்த்தது உயிரற்ற, சாயமேற்றிய திசு. ஆனாலும் அது நகர்ந்துகொண்டிருந்த ஒன்று என்று சரியாக ஊகித்தார். 1907-இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் வளர்த்து, உயிருள்ள இழை நகர்ந்து வளர்வதைக் கண்ணால் கண்டார்.

வளர்நுனி மெல்லிய விரல்களை நீட்டித் தடவிக்கொண்டே போகிறது. சுற்றியுள்ள செல்கள் வெளியிடும் புரதங்களில் சில அதை ஈர்க்கும், சில விலக்கும். உடலின் நடுக்கோட்டில் இருக்கும் செல்கள் இரண்டையுமே வைத்திருக்கின்றன. ஈர்க்கும் புரதங்களில் ஒன்று 1994-இல் கோழிக் கரு மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு நெட்ரின் என்று பெயரிட்டார்கள். வழிநடத்துபவர் என்று பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. நேதாஜி என்ற பெயரில் இருக்கும் நேதாவும் அதே சொல்தான். விலக்கும் புரதத்தின் பெயர் ஸ்லிட். அதை உணரும் ஏற்பியின் பெயர் ரோபோ.

இந்த ரோபோ எந்திர மனிதன் இல்லை. 1993-இல் பழ ஈக்களில் ஒரு திரிபைக் கண்டார்கள். அந்த ஈக்களில் நரம்பிழைகள் நடுக்கோட்டைக் கடந்து, திரும்பவும் கடந்து, சுற்றிச் சுற்றி வந்தன. ஆங்கிலத்தில் ரவுண்டானாவுக்கு உள்ள பெயரையே அந்த மரபணுவுக்கு வைத்து, அதைச் சுருக்கி ரோபோ என்றார்கள். நடுக்கோட்டின் விலக்கலை உணர முடியாததால் அந்த இழைகள் வெளியேறத் தெரியாமல் சுற்றின.

எதிர்ப்பக்கம் போக வேண்டிய இழைக்கு இருப்பதோ வேறு சிக்கல். நடுக்கோட்டை நெருங்கும்வரை ஈர்ப்பு மேலோங்க வேண்டும். கடந்த உடனே விலக்கல் மேலோங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று அது போகவே போகாது, அல்லது போய்த் திரும்பி வந்துவிடும். பாலூட்டிகளில் இந்த மாற்றத்துக்கு வேண்டிய ஏற்பிகளில் ஒன்று ரோபோ 3. ரோபோ 3 இல்லாத எலிகளில் இழைகள் நடுக்கோட்டைக் கடக்கவில்லை என்பது 2004-இல் தெரிந்தது. அதே ஆண்டில், பக்கவாட்டுப் பார்வை அசைவும் நேரான முதுகும் இல்லாத மனிதர்களில் பழுதுபட்டிருப்பது இதே மரபணு என்றும் கண்டுபிடித்தார்கள். பாலூட்டிகளின் ரோபோ 3 தன் உறவுப் புரதங்களைப்போல ஸ்லிட்டுடன் வலுவாக இணைவதில்லை, மாறாக நெட்ரினின் ஈர்ப்பைக் கூட்டுகிறது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இழை கடக்கத் தவறுவது ஏன் என்பதை இது இன்னும் நெருக்கமாக விளக்குகிறது.

நம் எல்லோருக்கும் இயக்க இழைகளில் பெரும்பங்கு முகுளத்தின் அடியில் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. தொடுவுணர்வின் பாதை அதற்குச் சற்று மேலே தாண்டுகிறது. இந்தச் சிறுமிக்கு இரண்டுமே தாண்டவில்லை. கட்டளை போவதும் உணர்வு வருவதும் ஒரே பக்கமாக ஒத்துப் போவதால் கையெழுத்து அழகாகவே இருந்தது. கண் அசைவில் அப்படி ஒத்துப் போக வழியில்லை. வலப்பக்கம் பார்க்க வலக்கண் வெளியேயும் இடக்கண் உள்ளேயும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அந்த ஒருங்கிணைப்புக்கு நடுக்கோட்டைக் கடக்கும் இழை இருந்தே தீர வேண்டும்.

வேன் ஓட்டும் அப்பாவுக்கு இதை ரவுண்டானாவை வைத்தே விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் என் பெண்ணுக்கு இடது மூளைதான் இடது கையை ஓட்டுகிறதா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள்” என்றார்.

இரண்டாவது முறை

மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினோம். ஆனால் அதன் முடிவுக்காக அறுவையை நிறுத்தி வைக்கவில்லை. மூளைப் படமும் கண் பரிசோதனையும் போதிய அளவு உறுதி தந்தன. மூச்சுத் திணறல் கூடிக்கொண்டிருந்தது. முதல் முயற்சிக்குப் பின் ஏழாவது வாரத்தில் மறுபடியும் அரங்குக்குப் போனோம்.

மூன்று முடிவுகளை முன்கூட்டியே எடுத்திருந்தோம். மண்டையில் வளையம் பொருத்திச் சில வாரம் இழுத்து, வளைவைத் தளர்த்திய பின் அறுவை செய்யலாம் என்ற யோசனை முன்பு இருந்தது. கழுத்து அசைவைக் கட்டுப்படுத்தும் என்பதால் அதைக் கைவிட்டோம். கண்காணிப்பை அதே பக்க அமைப்பில் வைத்தோம்: இடது மூளைக்கு இடது உடல். மூன்றாவது முடிவு செவிலியர் ஒருவர் சொன்னது. அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் கண்ணைச் சோதிப்பார்; பக்கவாட்டில் அசையாத கண்ணைப் பார்த்தால் மூளைத்தண்டில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதாகவே நினைப்பார். ஆகவே நோயாளிக் குறிப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினோம்: கண்கள் பக்கவாட்டில் அசையாது, பிறவியிலிருந்தே, புதிய மாற்றம் இல்லை.

தண்டைப் பொருத்தி நிமிர்த்தும்போது வலக்காலின் பதில் பாதிக்கும் கீழே சரிந்தது. வலது மூளைத் தூண்டலுக்கு வந்துகொண்டிருந்த பதில் அது. எதற்கு எது என்று ஒரு நொடியும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மயக்க மருத்துவர் இரத்த அழுத்தத்தை உயர்த்தினார், அறுவை மருத்துவர் நிமிர்த்தலைச் சற்றுத் தளர்த்தினார். சில நிமிடங்களில் பதில் மீண்டது. அதற்கு மேல் நிமிர்த்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். 76 பாகை 38 ஆனது. கண் விழித்ததும் இரண்டு பாதங்களையும் அசைத்தாள். அன்றிரவு பணியில் இருந்த மருத்துவர் டார்ச்சுடன் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, குறிப்பைப் புரட்டினார். சிவப்பு வரி தன் வேலையைச் செய்தது.

குடும்பத்துடன் பேசியது

மரபணு முடிவு பிறகு வந்தது. ரோபோ 3 மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே பழுது. பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பிரதியில் அது இருந்தது. அவர்களுக்கு நோய் இல்லை. இந்தத் தம்பதிக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று விளக்கினோம்.

அந்தத் திருமணத்தை முடித்து வைத்தவர் பாட்டி. தன் தம்பிக்கே மகளைக் கட்டிக் கொடுத்தவர். ஆலோசனை முழுக்கச் சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எந்தக் குடும்பத்திலும் இப்படிச் சில மறைந்த பழுதுகள் இருக்கும், நெருங்கிய உறவில் மணந்தால் ஒரே பழுது இரு பக்கமிருந்தும் வந்து சேர வழி கூடுகிறது, அவ்வளவுதான் என்றேன். குற்றம் என்ற சொல்லை யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொண்டோம். சிறுமி பிற்காலத்தில் உறவுக்கு வெளியே மணந்தால் அவள் குழந்தைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் சொன்னோம். அதைக் கேட்டபோதுதான் பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

தம்பிக்கும் பரிசோதனை செய்யலாமா என்று அம்மா கேட்டார். அவன் நலமாக இருக்கிறான். வளர்ந்த பின் அவனே முடிவு செய்யட்டும் என்று சொல்லி மறுத்தோம்.

சிறுமிக்கு ஒரு சிறு அட்டை தயாரித்துக் கொடுத்தோம். நமக்கெல்லாம் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலப்பக்கம் வலுவிழக்கும். அவளுக்கு இடப்பக்கமே வலுவிழக்கும். விபத்தில் அவளைப் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதினேன்: வகுப்பின் நடு வரிசையில் உட்கார வைக்கவும், தேர்வறையில் அவள் தலையைத் திருப்புவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி மாற்றிச் செய்வது

முதுகு வளைவுடன் வரும் ஒவ்வொரு குழந்தையையும், குறிப்பாகப் பத்து வயதுக்கு முன் வளைவு தொடங்கியிருந்தால், தலையை அசைக்காமல் இருபுறமும் பார்க்கச் சொல்கிறோம். இதற்கு அரை நிமிடம் போதும். இது இப்போது எங்கள் அறுவைக்கு முந்தைய படிவத்தில் ஒரு வரி. எம்.ஆர்.ஐ. கேட்கும்போது மூளைத்தண்டையும் சேர்த்தே கேட்கிறோம். தொடக்க அளவைகளை அறுவை நாளன்று முதன்முதலாகப் பார்ப்பதை மாற்ற முடியவில்லை. மயக்கமில்லாமல் குழந்தைகளுக்கு அந்தத் தூண்டலைச் செய்வது வலி தரும். மணிக்கட்டுச் சோதனையை மட்டும் சந்தேகமுள்ளவர்களுக்கு முன்பே செய்கிறோம். கழற்றி எறியப்பட்ட பட்டையைப் பற்றிக் கேட்கும்போது, ஏன் போடவில்லை என்று கேட்காமல், போட்டால் என்ன செய்ய முடியவில்லை என்று கேட்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். இதை அறுவைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே யாராவது கேட்டிருந்தால் அந்தக் குழந்தை அடி வாங்கியிருக்க மாட்டாள்.

அண்மையில் பார்த்தது

இரண்டு வருடம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தாள். வளைவு 40 பாகையில் நிற்கிறது. மாடிப்படி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. அம்மா இந்த முறை தன் தங்கையையும் அவருடைய ஐந்து மாதக் குழந்தையையும் அழைத்து வந்திருந்தார். தங்கை மணந்திருப்பது அத்தை மகனை. குழந்தையை மடியில் வைத்து, தாடையை மெதுவாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சிறுமி தன் கையிலிருந்த சிவப்பு வளையலைக் கழற்றித் தந்தாள். அதை வலப்பக்கம் நகர்த்தினேன், பிறகு இடப்பக்கம். குழந்தையின் கண்கள் வளையலோடு சேர்ந்து போய்த் திரும்பின.